தீவுக்குப் போன ரைஸ் குக்கர்

சன்னிவேல் ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த இரண்டு அமெரிக்கர்களுக்கு, பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்றபடி கடலில் பறப்பதுதான் பொழுதுபோக்கு. கடைகூட இல்லாத தீவுகளுக்குப் படகில் போகிறோம், வருகிறாயா என்றார்கள். ஆபீஸுக்குப் பக்கத்துக் கடலில் அந்த விளையாட்டுக்குச் சில வகுப்புகள் போயிருந்த திமிரில் சரியென்றேன்.

"அங்க சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி. ஒரு பாட்டில் நிறையப் புளிக்காய்ச்சல் செய்து கொடுத்தாள். அரிசியையும் ரைஸ் குக்கரையும் நானே பத்திரமாகப் பையில் வைத்தேன்.

தீவில் இறங்கியதும் பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்டேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சர்க்யூட் டிசைன் பண்ணிச் சம்பளம் வாங்குகிறவன், மின்சாரமில்லாத தீவுக்குக் குக்கரைச் சுமந்து போயிருந்தேன்.

மறுநாள் என் பட்டம் கடலுக்குப் போகாமல் என்னை மணலில் குப்புற இழுத்துப்போனது. அதோடு பறப்பதை விட்டுவிட்டேன். குக்கரின் உள்பாத்திரத்தை மட்டும் உருவி, மூன்று கல் வைத்துச் சோறு பொங்கினேன். புளியோதரையை இருவரும் வழித்துத் தின்றார்கள்.

மறுவருடமும் கூப்பிட்டார்கள். பலகை வேண்டாமாம், அந்தப் பாட்டில் போதுமாம். பெருமையாக மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப அவங்க கூப்பிடறது என்னைத்தானே? நீங்க எதுக்கு?" என்றாள்.