சான் பிரான்சிஸ்கோ தெருவில் ஒரு கஞ்சிப் பானை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களைக்கூட ஓரக்கண்ணால்தான் பார்ப்பேன். அதனால் நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். புக்கிட் செலம்பாவ் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டம். என் வீட்டுக்காரரை சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அங்கிருந்து தப்பி வந்த ஒருவன், அவர் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார், பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டான். உடனே என் அண்ணன், தாலியை இறக்கிக் காரியத்தைச் செய்துவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் அப்போது கிராணி ஐயா வீட்டில் சமையல் வேலை செய்தேன். தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனுஷர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது விட்டுவிட்டுப் போன படப்பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே படம் நிஜம்போல எழுந்து நிற்கும். அதில் ஒரு படம் என்னை விடவே இல்லை. இடிந்த வீடுகள், நடுத்தெருவில் அடுப்பு, சிரித்த முகத்தோடு அகப்பை பிடித்த ஒரு வெள்ளைக்காரம்மா, அவள் முன்னால் வரிசையாக ஜனம்.

"இது அமெரிக்காவில சான் பிரான்சிஸ்கோ, பிள்ளை. பூமி அதிர்ந்து, பிறகு நெருப்புப் பிடிச்சு ஊரே போச்சுது. வீட்டுக்குள்ள அடுப்பு மூட்டக்கூடாதெண்டு கட்டளை, பணக்காரரும் தெருவிலதான் சமைச்சவை. பிறகு அந்த ஊர் முழுசா எழும்பிட்டுது" என்றார் ஐயா.

எழும்பிவிட்டது என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் காரியத்துக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், ஐயா வீட்டில் யாரும் இல்லாதபோது மரவள்ளிக் கஞ்சி காய்ச்சி அந்தப் படத்துக்கு முன்னால் படைத்தேன். சிரிக்காதீர்கள், சாமி படத்துக்குப் படைப்பதில்லையா? ஊருக்கே ஊற்றுகிறாயே தாயே, என் புருஷனுக்கும் ஒரு வாய் ஊற்று என்று அழுதுகொண்டே கிண்ணத்தை வைத்துவிட்டுப் பெட்டிக்குள் பார்த்தேன். வரிசையின் கடைசியில் அவர் நின்றார். பால்வெட்டுக்குப் போகும்போது தலையில் கட்டுகிற அதே துண்டு. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் இல்லை.

படையலை முன்கூட்டி ருசி பார்க்கக் கூடாதல்லவா, பிறகுதான் ஒரு வாய் குடித்தேன். உப்புப் போட மறந்திருந்தேன்.

"அவரு வருவாருண்ணே. தாலிய யாரும் தொடக் கூடாது" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

"ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு லா" என்று திட்டினார். ஆனால் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை.

ஜப்பான்காரன் போன பிறகு, எலும்பும் தோலுமாக அவர் வாசலில் வந்து நின்றார். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல உப்பு இருக்கு புள்ள. காச்சல்ல கெடந்தப்ப, எங்கியோ இடிஞ்ச தெருவுல ஒரு வெள்ளக்காரம்மா எனக்கு மரவள்ளிக் கஞ்சி ஊத்துச்சு. உப்பே இல்ல. அதக் குடிச்சப்புறந்தான் காச்சல் எறங்குச்சு."

அந்தப் படத்தைப் பற்றி நான் அவரிடம் மூச்சுகூட விட்டதில்லை. அவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார், அந்தக் குறை எனக்கில்லை. ஆனால் கஞ்சி குடித்த அன்றைக்கு அவர் கடைசியாகச் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

"பாவம், ஊத்துறப்ப அந்தம்மா அழுதுக்கிட்டே இருந்துச்சு."

படத்தில் இருந்தவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அழுதது நான்.