ஊசி போட்டவரே வந்து சொன்ன சாட்சி

மூன்று வருஷத்துக்கு முன்னால், மதுரை வில்லாபுரத்தில் நடந்தது. வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில். நான் இடதுகைக்காரன். ஒருநாள் வேலைக்குப் போன தெருவில் நாய் கடித்துவிட்டது. பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போடப் போனேன். இடது கை வேலை செய்யாத கைதானே என்று நினைத்து, நர்ஸ் இடது தோளில் போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலமே வலி. இரண்டு நாளில் சரியாகும் என்றார்கள். இரண்டு மாசமாகியும் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. பிரஷ்ஷைத் தூக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்கேன் பார்த்த எலும்பு டாக்டர், "மருந்துல கோளாறு இல்ல. சதையில போட வேண்டியது, மேலே தள்ளி மூட்டுல இறங்கியிருக்கு" என்றார்.

ஆத்திரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய், அத்தனை பேர் முன்னால் அந்த நர்ஸை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆஸ்பத்திரி நிர்வாகம், நான் ஏணியிலிருந்து விழுந்திருப்பேன் என்று சாதித்தது. நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். சாட்சி இல்லாமல் கஷ்டம் என்றார் என் வக்கீல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் ஊரான திருவாதவூரிலிருந்து பஸ் பிடித்து அந்த நர்ஸ் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, அன்னைக்கு அம்புட்டுக் கூட்டம். சட்டையைக் கழட்டச் சொல்லாம, காலரை இழுத்துவிட்டு மேலேயே குத்திட்டேன். நடந்ததை அப்படியே எழுதித் தாரேன்."

"உன் வேலை போயிருமே தங்கச்சி."

"உங்க வேலை போயிருச்சேண்ணே!"

எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை, ஆணையத்துக்கும் நேரில் வந்தார். யார் சொல்லிக்கொடுத்து வந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கியபோது, "நான் போட்ட ஊசி சார், எனக்குத் தெரியாதா?" என்றார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அவருக்கு வேலை போனது. பல மாசம் கழித்துத்தான் வேறோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே புதிதாக வரும் நர்ஸுகளுக்கு, தோளில் எந்த இடத்தில் ஊசி போட வேண்டும் என்று அவர்தான் தொட்டுக் காட்டுகிறாராம். பயிற்சி செய்து செய்து என் கையும் மேலே எழும்பிவிட்டது. திட்டியதற்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

போன மாசம் ஒரு வீட்டில், ஈரம் காயாத சுவரில் அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்துவிட்டேன். மழை பெய்தால் உரிந்துவிடும், ஆனால் பார்த்தால் தெரியாது. வீட்டுக்காரரைத் தேடிப் போய், தப்பு என்னுடையதுதான் என்று நானே சொன்னேன். அந்தத் தைரியம் அந்தத் தங்கச்சியைப் பார்த்த பிறகு எனக்கு வந்தது.