கழுத்தில் தொங்கிய பலகை

அயர்லாந்தில் யார் மீதாவது நான் இடித்துவிட்டால், இடிபட்டவரே 'சாரி' என்கிறார். வந்து இரண்டு வருடமாகியும் இது பழகவில்லை. பதில் சொல்ல வாய் திறப்பேன். சொல் தொண்டை வரை வந்து நின்றுவிடும். நான் வேலை செய்யும் மாட்டிறைச்சி ஆலையில், எனக்கு ஆங்கிலமே தெரியாது என்று சூப்பர்வைசர் முடிவு கட்டியிருந்தார். தெரியும். பேசத்தான் பயம்.

ஊரில் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போடிநாயக்கனூரில் நான் படித்த பள்ளியில் ஒரு மரப்பலகை இருந்தது. தமிழில் பேசியவன் கழுத்தில் அதை மாட்டுவார்கள். அவன் இன்னொருவன் தமிழில் பேசுவதைப் பிடித்தால் பலகை கைமாறும். கடைசி மணி அடிக்கும்போது பலகை வைத்திருப்பவனுக்கு விரல் முட்டியில் பிரம்படி. அதனால் நாங்கள் ஆங்கிலம் பேசிவிடவில்லை. எதுவுமே பேசாமல் இருந்தோம். பலகை கழுத்தில் இருந்தால், வாய் திறக்காதவனைக் காம்பஸ் முள்ளால் குத்துவோம். வலியில் எவனுக்கும் தமிழ்தான் வரும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், மணி அடிக்கச் சற்று முன்னால் பலகை என்னிடம் இருந்தது. பக்கத்தில் என் கூட்டாளி பாண்டி. முள்ளை அவன் தொடையில் இறக்கினேன். "ஆத்தா!" என்று அலறினான். பலகையை அவனுக்கு மாட்டினேன். அன்று வாத்தியார் அடித்ததில் அவன் விரல் முட்டி பிளந்து எலும்பு தெரிந்தது. மறுநாள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என்னைக் கீழே தள்ளி, கல்லால் வாயில் அடித்தான். இரண்டு பல் போனது.

"இப்ப இங்கிலீசுல அழுடா மாப்ளே, கேப்போம்."

அழவில்லை. பள்ளிக்கும் திரும்பப் போகவில்லை. ஏலக்காய் லோடு ஏற்றும் வேலை, கொச்சி, துபாய் என்று சுற்றி இங்கே வந்து சேர்ந்தேன்.

ஆலையில் எனக்கு எதிரே பாவ்லோ என்ற பிரேசில்காரர் எலும்பு அறுப்பார். வேலை வேகமாக நடக்க, ரம்பத்தின் காப்புத் தகட்டைச் சூப்பர்வைசர் கழற்றி வைத்திருந்தார். போன மாதம் பாவ்லோவின் கையுறை ரம்பத்தில் சிக்குவதை நான்தான் முதலில் பார்த்தேன். 'ஸ்டாப்' என்ற ஒரு சொல் போதும். தப்பாகச் சொன்னால் யார் சிரிப்பார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். அதற்குள் இரண்டு விரல்கள் இறைச்சியோடு நகரும் பெல்ட்டில் போய்க்கொண்டிருந்தன.

"யூ ஸா நத்திங், ஓகே?" என்றார் சூப்பர்வைசர். என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். தகட்டைக் கழற்றியது பாவ்லோதான் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அது நிலைத்தால் பாவ்லோவுக்கு வேலையும் போகும், இங்கே தங்குவதற்கான பர்மிட்டும் போகும்.

நேற்று அந்த விபத்து பற்றி விசாரணை. என்னை ஒப்புக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். "நோ இங்கிலீஷ்" என்று சூப்பர்வைசர் என்னைக் காட்டிச் சிரித்தார். நான் அவரை நோக்கிக் கை நீட்டினேன்.

"ஹி ரிமூவ். நாட் பாவ்லோ. ஐ ஸீ. ஐ நாட் ஷவுட்."

யாரும் சிரிக்கவில்லை. விசாரித்து எழுதிக்கொண்டிருந்த பெண்மணி "கோ ஆன்" என்றார். இருந்த பதற்றத்தில், வெளியே போகச் சொல்கிறார் என்று எழுந்துவிட்டேன். மேலே சொல் என்றுதான் அதற்கு அர்த்தம்; சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். தகடு கழற்றிய நாள் முதல் எல்லாவற்றையும் சொன்னேன்.

இடைவேளையில் அம்மாவை அழைத்தேன். ஏலத்தோட்ட வேலை முடிந்து போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப்பில் கீழே வந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"வெரலு போன ஆளு நம்மூரா அப்பு?"

"இல்லத்தா."

"ஒன் சோலி போயிருமா?"

"தெரியல."

"பெறகு எதுக்குடா அவனுக்காகப் பேசுன?"

நான் பதில் சொல்வதற்குள் ஜீப்பு ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பியிருக்க வேண்டும், சத்தம் அறுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்மணி என்னை மறுபடி உள்ளே வரச்சொல்லிக் கை காட்டினார். அடுத்த வளைவில் அம்மா குரல் திரும்ப வரும் என்று, போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்ளே நடந்தேன்.