துவைத்த அங்கி

வலமாக நாற்பது சுற்று, இடமாக நாற்பது சுற்று அரைத்துவிட்டு, குழவியில் ஒட்டிய தூளை அங்கியின் முன்பக்கத்தில் தேய்த்துக்கொள்வாள். துடைக்கும் துணி மேசையில் மடித்தபடியே கிடக்கும். "துணி எட்டத்துல இருக்கு. சட்டை ஒட்டிக்கிட்டே வருதே" என்பாள்.

மருந்து ஆய்வுக்கூடத்தில் அவள் கல்வத்து அக்கா. பதினெட்டு வருஷமாகக் கல்வத்தில், அந்தச் சின்ன உரலில், மருந்து அரைப்பதுதான் வேலை. அங்கியைத் துவைத்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆணியில் மாட்டினால், "அக்கா இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்று காவலாளி அதைப் பார்த்துக் கேட்பான். மூக்குக்கண்ணாடியையும் ஊதுவதோடு சரி. அதன் கீல்களில் வெள்ளை படிந்திருக்கும்.

இரண்டு வருஷமாக அவளிடம் சிக்கியிருக்கும் மருந்து ஒரு வீம்புக்காரன். தன் இனத்தோடு கைகோத்து இறுகிக் கிடக்கும். விழுங்கினால் பாதிக்கு மேல் கரையாமலே வெளியேறிவிடும். அதனால்தான் அவளோடு வீட்டில் இருக்கும் மூத்த நாத்தனார் வேளைக்கு நான்கு மாத்திரை விழுங்கித் தொண்டையைத் தடவிக்கொள்கிறாள். அந்த நான்கை ஒன்றாக்க வேண்டும் என்பதுதான் கல்வத்து அக்காவின் ஆசை.

வழியும் கிடைத்திருந்தது. புளிப்புத் தூள் ஒன்றைச் சேர்த்து, ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு அரைத்தால் இரண்டும் ஒரே படிகமாகக் கட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கண்டதும் புளிப்பு ஓடும். மருந்தும் பின்னாலேயே ஓடும். "தனியா வரமாட்டான். மச்சான் கூப்பிட்டா வருவான்."

போன வாரம் பொத்தான் தைக்க அங்கியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். நாத்தனார் கண்ணில் பட்டுவிட்டது. "ஏண்டி, இது சட்டையா, சுண்ணாம்புச் சுவரா?" வெந்நீரில் ஊறவைத்து, அலசி, இஸ்திரியும் போட்டுக் கொடுத்தாள்.

விரிசல் விட்ட பழைய கல்வம் போய்ப் புதிதும் அதே வாரம் வந்தது. அரைத்து வைத்த தூளெல்லாம் சோதனைகளுக்கே தீர்ந்திருந்தது. மூன்று நாள் அரைத்தும் படிகம் சேரவில்லை. தண்ணீரில் போட்டால் மண்ணாக அடியில் தங்கியது.

"நாளைக்குப் பணம் போடற கம்பெனிக்காரங்க முன்னாடி படிகம் வரலேன்னா இந்த வேலையையே மூடிடுவாங்க, அக்கா" என்றார் தலைமை ஆய்வாளர் அம்மாள்.

"உறை ஊத்தாம பால் தயிராகுமா, மேடம்? உறை என் சட்டையில இருந்திருக்கு. எங்க அண்ணி தொவச்சிட்டாங்க."

அன்று மாலை நாத்தனார் ஆசையாகக் கேட்டாள்: "சட்டையப் பாத்து எல்லாரும் என்னடி சொன்னாங்க?"

"வாயடைச்சுப் போயிட்டாங்க, அண்ணி."

மறுநாள் வந்தவர்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். நாற்பது, நாற்பது. ஒன்றும் ஆகவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கல்வத்தின் விளிம்பில் கீல்களை டொக் டொக்கென்று தட்டினாள். உதிர்ந்த வெள்ளையோடு மறுபடி அரைத்தாள். இந்த முறை போட்ட தூள் கண்ணெதிரே கரைந்து, குவளையின் அடி பளிச்சென்று தெரிந்தது.

மாலையில் வாசலிலேயே நாத்தனார் முந்தானையை எடுத்துக்கொண்டு கை நீட்டினாள். "கண்ணாடிய இப்படிக் குடுடி, ஒரே அழுக்கு."

கல்வத்து அக்கா ஓரடி பின்வாங்கி, இரண்டு கையாலும் கண்ணாடியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.