பவளத்தின் பெரட்டு

"பெரட்டு! பெரட்டு!"

மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கரண்டியால் தட்டியபடி பவளம் லயத்து வீட்டு வாசலில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை. தேயிலைத் தோட்டம் முழுக்க ஓய்வு. அவள் வீட்டுக்கு மட்டும் இல்லை. கணவன் நல்லுசாமி பாதிச் சவரத்தில், முகமெல்லாம் நுரையோடு ஓடி வருகிறான். மகள் நவமணி சீப்பும் கையுமாக வருகிறாள். "கையில என்ன இருக்கோ அதோட வந்துரணும். திரும்பிப் பாக்கக் கூடாது." இதுதான் சட்டம். தோட்டத்தில் காலைப் பெரட்டின்போது வேலையாட்களை வரிசையில் நிறுத்தி, மேற்பார்க்கும் தண்டல் ஆள் கணக்கு எடுப்பதுபோல, தலைகளைத் தொட்டு எண்ணுவாள்.

அடைமழைக்கு முன்பே இந்த ஒத்திகை ஆரம்பித்துவிடும். வாசல் ஆணியில் பழைய கொழுந்துக் கூடை. அதற்குள் ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் எல்லோருடைய ஐ.சி. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, நல்லுசாமியின் இழுப்பு மாத்திரை. பிஸ்கட் மட்டும் இராது. "வச்சா மழைக்கு முந்தி இதுங்களே காலி பண்ணிருதுங்கலா."

எழுபத்தொன்றில் வந்த வெள்ளத்தில், மலைக்குக் கீழே குடியிருந்த அவள் தம்பி காளிமுத்து உயிரை மட்டும்தான் கொண்டுவந்தான். "நான் இன்னாருன்னு சொல்ல ஒரு சூராட், ஒரு துண்டுக் காயிதம் இல்லாம அவன் அலைஞ்ச அலைச்சல் இருக்கே..." என்னும்போது பவளத்தின் குரல் இறங்கிவிடும்.

அடுத்த வீட்டு மணியம்மாவுக்கு இதெல்லாம் பெரிய கேலிக்கூத்து. தகரச் சத்தம் கேட்டால் போதும், வாசலில் வந்து இடுப்பில் கை வைத்துவிடுவாள். "வந்துட்டாடி பெரிய தண்டலு! வெள்ளைக்காரத் துரை போயும் ஒன் பெரட்டு போவலியே!" பவளத்துக்கும் வாய் உண்டு. ஆனால் எண்ணும்போது பேசினால் கணக்குத் தப்பிவிடுமாம்.

போன வருஷம் நவம்பரில் நாலைந்து நாளாக விடாத மழை. மத்தியானச் சோற்று வேளை. அடுப்படியின் பின்கதவைச் சாத்தப் போனாள் பவளம். காலையில் சரியாக இருந்த கதவு நிலையில் சிக்கிக்கொண்டு அசையவில்லை. எட்டிப் பார்த்தால், லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டிலிருந்து வழிகிற தண்ணீர் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் இருந்தது. மேட்டு மண் நகர்கிறது என்று புரிந்துவிட்டது அவளுக்கு. கரண்டியைத் தூக்கினாள்.

வழக்கமான ஒத்திகை என்றே எல்லோரும் நினைத்தார்கள். நல்லுசாமி சோற்றுத் தட்டோடு மழையில் இறங்கினான். மணியம்மா அப்போது தன் அடுப்படியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். "கொட்டுற மழையிலயுமா இவ கூத்து? இன்னைக்கி நாலு கேள்வி கேக்காம விடறதில்ல!" சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். வேடிக்கை பார்க்க மகள் சரோஜாவும் கைக்குழந்தையோடு பின்னாலேயே வந்தாள். மணியம்மா வாயைத் திறந்ததுதான் தாமதம், மேடு சரிந்தது. இரண்டு வீட்டு அடுப்படிகளும் மண்ணுக்குள் போயின. கருவாட்டுச் சட்டி இன்றுவரை அகப்படவில்லை. வசவு உயிரைக் காக்கும் என்று யார் கண்டது!

இரு குடும்பமும் இப்போது கீழ் லயத்தில். தோட்ட ஆபீஸ் கிராணி வீடு ஒதுக்கியபோது மணியம்மா ஒன்றுதான் கேட்டாள்: "பவளத்துக்குப் பக்கத்து வீடா குடுங்கய்யா. வேற எங்க போட்டாலும் போவமாட்டேன்." கண்டவர்களிடமெல்லாம், "அவளத் திட்டப் போயித்தான் மூணு உசுரும் பொழச்சிச்சி. அவ நல்லாருக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பவளத்திடம் நேரே சொல்ல மட்டும் வாய் வராது. பழைய வாய்தான் வரும்.

இந்த வருஷமும் மழை பிடித்துக்கொண்டது. தகரம் முழங்குகிறது. நல்லுசாமி வந்தாயிற்று, நவமணி வந்தாயிற்று, தலையைத் தொட்டு எண்ணியும் ஆயிற்று.

"அதான் எல்லாரும் வந்துட்டமே, நிறுத்தேன்" என்கிறான் நல்லுசாமி.

பவளம் காதில் வாங்காமல், அடுத்த வாசலைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

"வந்துட்டேன்டி, காது கிழியுது!" பேரக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மணியம்மா வருகிறாள், பின்னால் சரோஜா.

அந்த மூன்று தலைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்ட பிறகுதான் பவளம் கரண்டியைக் கீழே வைக்கிறாள்.