ஜீப்புக்குப் போட்ட மாலை

எழுபதுகளின் கடைசியில், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் பழைய ஜீப்பிலேயே திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது. நிறுத்தி, ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச தூரத்திலேயே சூடு காட்டும் முள் மறுபடி ஏறியது.

"அந்த மாலையக் கழட்டுடா. காத்து போவாம ஜீப்புக்கும் மூச்சு முட்டுது" என்றார் அப்பா.

ரேடியேட்டரை மறைத்து நான் கட்டிய கனத்த சாமந்தி மாலை. பூஜை மாலையை இந்த நேரத்தில் எடுத்தால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துதான் விட்டுவைத்திருந்தேன். கழற்றி அவர் மடியில் வைத்தேன்.

திருவண்ணாமலையை நெருங்கும்போது முள் இறங்கிவிட்டது.

"சூடு கம்மியாயிடுச்சுப்பா" என்றேன். திரும்பிப் பார்த்தேன். மடியிலிருந்த மாலைமேல் அவர் தலை கவிழ்ந்திருந்தது; மூச்சு நின்றிருந்தது.

பயந்து பயந்து நான் காத்த அந்த மாலைதான் அவருக்கு விழுந்த முதல் மாலை.