மிஞ்சிய பாதி

துறையில் அந்தச் சிப்பாய் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் வண்டில்களையும் வாவிக்கு அந்தப் பக்கம் ஏற்றிப்போகும் மிதவையை எங்கள் ஊரில் பாதை என்போம். அன்று பாதையில் ஏற்றுவதற்காகக் கிணற்றுக் கொட்டுகளைக் கரையில் நிறுத்தி வைத்திருந்தோம். கொட்டு என்றால் கிணற்றுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கும் சீமெந்து வளையம். சிப்பாய் ஒவ்வொரு வளையத்தின் முன்னாலும் குந்தியிருந்து, தலையை உள்ளே விட்டு, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். வாவியையும் கண்டல் மரங்களையும் எங்கள் ஏ.ஜி.ஏ. ஐயாவின் வெள்ளைக் களிசான் கால்களையும் தவிர அவனுக்கு வேறு என்ன தெரிந்திருக்கும்? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐயா கையிலிருந்த குடையைக்கூட விரிக்காமல் நின்றார். "பாக்கட்டும் பிள்ள. பாத்தாக் கொட்டுத் தேஞ்சா போகப்போகுது?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

அவர் எங்கள் பிரிவின் உதவி அரசாங்க அதிபர். பிறகு அந்தப் பதவிக்குப் பிரதேச செயலாளர் என்று பெயர் மாறியது. ஆனாலும் சனங்களுக்கு அவர் கடைசிவரை ஏ.ஜி.ஏ. ஐயாதான். நான் அவருடைய அலுவலகத்தில் தட்டெழுத்தாளர். அலுவலகம் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்தது. நாங்கள் பார்க்கவேண்டிய ஊர்களில் பாதி மேற்கே படுவான்கரையில் இருந்தன. இந்தக் கரை ராணுவத்தின் கையில், அந்தக் கரை போராளி இயக்கத்தின் கையில். பதுங்குகுழி கட்டிவிடுவார்கள் என்று அந்தக் கரைக்குச் சீமெந்து போகவிடமாட்டார்கள். பற்றரியும் போகாது, உரமும் போகாது. அரசாங்கம் அந்த ஊர்களுக்கென்று காசு மட்டும் ஒழுங்காக ஒதுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டு எதைக் கட்டுவது என்பதை எங்கள் தலையில் விட்டிருந்தது.

வருட முடிவுக்குள் செலவழியாத காசு கொழும்பில் அரசாங்கத்தின் திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். அதனால் டிசம்பர் பிறந்ததும் மற்ற அலுவலகங்கள் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். கதிரை வரும், அலுமாரி வரும், கரண்ட் இல்லாத கட்டடத்துக்கு மின்விசிறியும் வரும். எங்கள் ஐயாவுக்கு இந்தக் கூத்து அறவே பிடிக்காது. எங்கள் கதிரைகளின் பிரம்பு அறுந்தபோது வலைக்கயிறு வாங்கிப் பின்னச் சொன்னவர் அவர். அந்தக் கதிரையில் உட்கார்ந்து எழும்பினால் சேலையில் மீன்வலையின் அச்சு விழும். வீட்டிலும் அப்படித்தானாம். சந்தைக்குக் கொண்டுபோன காசில் பாதியையாவது திருப்பிக் கொண்டுவராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது என்று அவருடைய மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். "ஒதுக்கித் தந்தா அவ்வளவையும் முடிக்கோணும் எண்டு இல்ல" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. மிச்சம் பிடிப்பதை அவர் ஒரு விரதம் போலவே வைத்திருந்தார். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, சில நேரம் எரிச்சலாகவும் இருந்தது.

அந்த வருடம் படுவான்கரையில் குளத்தோரமாக இருந்த ஓர் ஊருக்குக் குடிநீர்க் கிணறு ஒன்று ஒதுக்கப்பட்டது. அதற்கு அப்பால் மேட்டில் இன்னோர் ஊர் இருந்தது. அதற்கு ஒன்றும் வரவில்லை. உண்மையில் மேட்டு ஊருக்குத்தான் கிணறு அவசரம். கோடையில் அந்த ஊர்ப் பெண்கள் வறண்ட ஆற்று மணலில் பூவல் தோண்டி, ஊறிவரும் கலங்கல் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்புவார்கள். மாடும் அதே மணலில்தான் வந்து நிற்கும்.

சீமெந்தைக் கொண்டுபோக முடியாது, சரி, கொட்டைக் கொண்டுபோனால் என்ன என்று ஐயாவுக்கு ஒரு யோசனை வந்தது. முகாமுக்கு நடையாய் நடந்து ஒருவழியாக அனுமதி வாங்கினார். எங்கள் அலுவலக வளவிலேயே கொட்டு வார்த்தோம். சீமெந்து எங்கேயாவது கால் முளைத்துப் போய்விடாமல் இருக்க, மேசன் குழைக்கக் குழைக்க இரண்டு சிப்பாய்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவர்களும் மண்வெட்டியைப் பிடித்தார்கள். சும்மா இருந்து அலுத்துப் போயிருக்கவேண்டும்.

குளத்தோரத்து ஊரில் பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம் வைத்தபோது நானும் போயிருந்தேன். மேட்டு ஊரிலிருந்தும் கொஞ்சப் பேர் வந்து ஓரமாக நின்றார்கள். அவர்களுடைய மாதர் சங்கத் தலைவி முன்னால் வந்தார். பேரப்பிள்ளை கண்ட பெண், குரல் மட்டும் ஒலிபெருக்கி. "எங்களுக்கு எப்ப ஐயா?" என்று கேட்டார். ஐயா கொஞ்சம் யோசித்தார். "குழி வெட்டுறது, கொட்டு இறக்கிறது எல்லாத்தையும் ரெண்டு ஊரும் சேந்து சிரமதானமாச் செஞ்சி தாங்க. கூலிக்கு ஒதுக்கின காசு அப்பிடியே மிஞ்சும். அந்தக் காசில உங்கட ஊருக்கும் ஒரு கிணறு. நான் சொல்றன்" என்றார். தலைவி அக்கா திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். "நீங்க சொன்னாக் காணும் ஐயா" என்றார்.

அதோடு வேலை தொடங்கியது. நெல் அறுக்கும் வெள்ளாமை வெட்டுக் காலம் அது. கூலிக்குப் போனால் அன்றைய அரிசிக்கு வழி உண்டு. அதை விட்டுவிட்டு மேட்டு ஊர் ஆட்கள் விடியற்காலையில் மண்வெட்டியோடு நடந்து வந்து, தங்களுக்கு இல்லாத ஒரு கிணற்றை வெட்டினார்கள். பெண்கள் மண்கூடை சுமந்தார்கள். மாரி மழைக்கு முன்னமே கிணறு முடிந்துவிட்டது. தண்ணீர் இளநீர் மாதிரி. ஒதுக்கிய காசில் சரிபாதி மிஞ்சியது. ஐயாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஓர் ஊரின் பெயரில் வந்த காசை இன்னோர் ஊருக்குச் செலவழிப்பதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு நான்தான் கடிதம் தட்டினேன். பிறகு நினைவூட்டல் தட்டினேன், அதற்கும் ஒரு நினைவூட்டல் தட்டினேன். இடையில் சண்டை மூண்டு வீதி மூடப்பட்டது. தபால் வண்டி வரவில்லை. டிசம்பரும் பிறந்துவிட்டது. அப்போது கணக்கு எழுதும் எங்கள் தலைமை லிகிதர், ஐயாவின் அறைக்குள் போய், எல்லோரும் வழக்கமாகச் செய்கிற ஒரு வழியைச் சொன்னார். குழி வெட்டியவர்களுக்குக் கூலி கொடுத்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் காசு கைக்கு வந்துவிடும். அதை வைத்து மேட்டு ஊர்க் கிணற்றை முடிக்கலாம். "குடுக்காத கூலியக் குடுத்ததெண்டு எழுதச் சொல்றீங்களா?" என்றார் ஐயா. "வேலை நடந்ததுதானே ஐயா. நாங்க ஒண்டும் பொய்க் கிணறு காட்டல்லயே" என்றார் லிகிதர். ஐயா மசியவில்லை. "அதுகள் சும்மா செஞ்ச வேலைக்கு நான் கணக்கு எழுதமாட்டன்" என்று பேச்சை முடித்துவிட்டார். வருடத்தின் கடைசி வேலைநாளில் அந்தப் பாதிக் காசு திறைசேரிக்குத் திரும்பிப் போனது. நல்ல மனுசன் இப்படி முரண்டு பிடிக்கிறாரே என்று எனக்கு வயிறெரிந்தது.

தை பிறந்ததும் சுற்றறிக்கை வந்தது. எங்கள் பிரிவில் பாதிச் செலவில் கிணறு கட்டி முடித்திருக்கிறார்களாம், ஆகவே இனிமேல் மாவட்டம் முழுவதும் கிணறு ஒன்றுக்குப் பாதிக் காசுதானாம். மாவட்டச் செயலகமான கச்சேரியில் கூட்டத்துக்குப் போன இடத்தில் மற்ற ஏ.ஜி.ஏ.மார் ஐயாவோடு சேர்ந்து தேத்தண்ணி குடிக்கவில்லை. அவர் திரும்பி வந்து, வலைக்கயிற்றுக் கதிரையில் உட்கார்ந்து, அந்தச் சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பி வாசித்தார். பாராட்டி எழுதியிருந்தார்கள். அதுதான் கொடுமை.

மாரித் தண்ணீர் வற்றியதும் மேட்டு ஊரில் மறுபடியும் பூவல் தோண்டத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் பரவியது. தலைவி அக்காவின் பேரப்பிள்ளையை வண்டிலில் போட்டுத் துறைக்குக் கொண்டுவந்து, பாதை ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை துறைவரைக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தலைவி அக்கா அலுவலகத்துக்கு வந்தார். கதிரை காட்டியும் இருக்கவில்லை. அந்த ஒலிபெருக்கிக் குரலை அன்று காணவில்லை.

"காசத் திருப்பி அனுப்பிட்டீங்களாம் ஐயா. அது ஆருட காசு?"

"அரசாங்கத்துக் காசு தங்கச்சி."

"கொட்டு அரசாங்கத்துக் காசு. குழி? எங்கட சனம் வெட்டுக்குப் போகாம, பட்டினி கிடந்து வந்து வெட்டினதுகள். அந்தக் கூலியத்தானே நீங்க மிச்சம் எண்டு கொழும்புக்கு அனுப்பினது? எங்களக் கேட்டா அனுப்பினீங்க?"

அக்கா அவரை நேராகப் பார்த்தார். பிறகு "வாறன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபத்திலும் அந்த மரியாதையை அவர் விடவில்லை. நான் தட்டுவதை நிறுத்தியிருந்தேன்.

அந்த வருடம் மேட்டு ஊருக்குக் கிணறு ஒதுக்கினார்கள், புதிய கணக்குப்படி பாதிக் காசில். அது கொட்டுக்கும் பாதைக் கூலிக்கும்தான் காணும். கொட்டுகள் போய்ச் சேர்ந்து மேட்டில் வெயில் காய்ந்தன. சும்மா வெட்ட ஒருவரும் வரவில்லை. வரச் சொல்லிக் கேட்க எங்களுக்கும் முகம் இல்லை. பிறகு ஒரு காலை ஐயா, அலுவலக ஜீப்பைத் திருத்துவதற்கு ஒதுக்கிய காசு எவ்வளவு இருக்கிறது என்று லிகிதரிடம் கேட்டார். அந்த ஜீப் எப்போதோ படுத்துவிட்டது. நகரத்தில் தெரிந்த ஒரு கராச்சில் எஞ்சின் திருத்தியதாகப் பில் வந்தது. ஐயா கையெழுத்துப் போட்டார். அவர் பேனை அந்த இடத்தில் நின்று நின்று போனதை நான் கண்டேன். அடுத்த கிழமை மேட்டு ஊரில் குழி வெட்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் அன்றன்றைய கூலி கையில் கிடைத்தது. முந்தின வருடம் வெட்டியவர்களையும் கூப்பிட்டு அந்தக் கூலியையும் கொடுத்தார். அந்த வருடம் முழுக்க ஐயா சைக்கிளில்தான் துறைக்குப் போய்வந்தார்.

கிணற்றில் தண்ணீர் கண்ட பிறகுதான் கணக்குப் பரிசோதிக்கும் ஓடிற்காரர் வந்தார். எஞ்சின் திருத்திய ஜீப்பைக் காட்டச் சொன்னார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். கதவு உயரத்துக்குப் புல். பின் சீட்டில் காவலாளியின் கோழி அடையிருந்தது. அவர் கிட்டப் போனதும் அது கொத்த வந்தது. ஐயா ஒன்றையும் மறைக்கவில்லை. "திருத்தல்ல. பொய்ப் பில். நான்தான் போடச் சொன்னது" என்றார். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். தலைமை லிகிதர் நீளமாக ஒன்று எழுதித் தந்தார். ஐயா அதை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு வரி சொல்லி என்னைத் தட்டச் சொன்னார்: சென்ற வருடம் நான் கொடுக்காமல் விட்ட கூலியை இந்த வருடம் கொடுத்தேன். ஓடிற்காரர் அதை வாசித்துவிட்டு, பாவப்பட்டோ என்னவோ, மிஞ்சிய காசையாவது உடனே கட்டிவிட்டால் விசாரணையில் கொஞ்சம் நல்லது என்றார். "இந்த முறை ஒண்டும் மிஞ்சல்ல" என்றார் ஐயா.

சம்பள உயர்வை நிறுத்தினார்கள். முழுத் தொகையையும் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டினார்கள். தூர இடத்துக்கு மாற்றமும் வந்தது. போகும்போது அவர் எங்களிடம் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனுசனுக்காக நான் அழுதேன். அதே அளவுக்கு, முதல் டிசம்பரில் அவர் கொஞ்சம் வளைந்திருக்கக்கூடாதா என்ற கோபமும் எனக்கு இருந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. துறைவரைக்கும் வராத அந்தப் பிள்ளையின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது துறையில் பாலம் இருக்கிறது. நான் ஓய்வுபெற்றுப் பல காலம். போன வருடம் கிராம அபிவிருத்தி பற்றி ஒரு கூட்டம் என்று பழைய உத்தியோகத்தர்களையும் அழைத்திருந்தார்கள். இளம் உத்தியோகத்தர் ஒருவர் சுவரில் படம் காட்டிப் பேசினார். கெட்டிக்காரப் பிள்ளை. மக்கள் பங்களிப்பு இருந்தால் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்பதற்கு உதாரணமாக, யுத்த காலத்தில் படுவான்கரையில் கட்டிய அந்த முதல் கிணற்றைச் சொன்னார். ஒதுக்கியதில் பாதிக் காசில் முடித்தார்களாம். எல்லோரும் கை தட்டினார்கள். என்னால் இருக்கமுடியவில்லை, எழும்பினேன். "தம்பி, அது பாதிக் காசில முடியல்ல. மற்றப் பாதியையும் பிறகு கொடுத்தது" என்றேன். அவர் மரியாதையாகக் குறிப்பெடுக்கத் தயாரானார்.

"அப்பிடியா அக்கா? அது எந்த ஒதுக்கீட்டில வந்தது?"

"எங்கட ஏ.ஜி.ஏ. ஐயாவின்ட சம்பளத்தில" என்றேன்.